வீட்டில் நெட் இல்லாத நாட்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருவைத் தோண்டியவர்கள் கேபிளை அறுத்துவிட்டார்கள். அல்லது வீடு மாறியிருக்கிறீர்கள், புது இணைப்பு இன்னும் வரவில்லை. அல்லது ரவுட்டர் பெட்டியே பழுதாகிவிட்டது. காரணம் எதுவானாலும் வீட்டில் சில நாட்களுக்கு இணையம் இல்லை. அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. போன் டேட்டாவில்தான் படித்துக்கொண்டிருப்பீர்கள் என்பதால் படம் எதுவும் சேர்க்கவில்லை.

வைஃபை குறி முழுசாகக் காட்டுகிறது, ஆனால் எதுவுமே திறக்கவில்லை. ஏன்?

வைஃபை என்பது உங்கள் போனுக்கும் ரவுட்டருக்கும் இடையே உள்ள ரேடியோ தொடர்பு மட்டும்தான். ரவுட்டருக்கு வெளியே கேபிள் அறுந்து கிடந்தாலும் அந்தக் குறி முழுசாகவே நிற்கும். அதனால் போனைப் பார்க்காமல் பெட்டியைப் பாருங்கள்.

ஃபைபர் இணைப்பு என்றால் பெட்டியில் 'பான்' (PON) என்றொரு விளக்கும் 'எல்ஓஎஸ்' (LOS) என்றொரு விளக்கும் இருக்கும். பான் நிலையாக எரிந்தால் நிறுவனத்தின் கருவியோடு தொடர்பு இருக்கிறது. எல்ஓஎஸ் சிவப்பாக மின்னினால் ஒளி உங்கள் வீட்டுக்கே வந்து சேரவில்லை. மெல்லிய ஃபைபர் ஒயர் எங்காவது மடங்கியிருக்கிறதா, மேசைக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருக்கிறதா என்று பார்க்கலாம். கூர்மையாக மடங்கினாலே கண்ணாடி இழையிலிருந்து ஒளி வெளியே கசிந்துவிடும். அதைத் தாண்டி வீட்டிலிருந்து செய்யக்கூடியது ஒன்றுமில்லை, புகார் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதுதான்.

பான் சரியாக எரிந்து, 'இன்டர்நெட்' விளக்கு மட்டும் அணைந்திருந்தால் பெரும்பாலும் கணக்கு அல்லது லாகின் சிக்கல். எல்லா விளக்கும் சரி, ஆனாலும் தளங்கள் திறக்கவில்லை என்றால் டிஎன்எஸ் மீது சந்தேகப்படலாம். தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவை அது. போனிலோ கணினியிலோ டிஎன்எஸ் அமைப்பை 1.1.1.1 அல்லது 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

ஒரே ஒரு சேவை மட்டும் திறக்கவில்லையா? குற்றம் உங்கள் வீட்டில் இல்லாமலும் இருக்கலாம். 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், வாட்ஸ்அப் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுக்கக் காணாமல் போயின. பராமரிப்பு வேலையில் நடந்த ஒரு தவறால் அந்த நிறுவனத்தின் வலையமைப்பே இணைய வரைபடத்திலிருந்து விலகிவிட்டது. அன்றைக்கு எத்தனையோ பேர் தங்கள் ரவுட்டரைத் திரும்பத் திரும்ப அணைத்துப் போட்டிருப்பார்கள்.

அணைத்துப் போட்டால் சரியாகிவிடுமா?

பல சமயம் ஆகும். மின்சாரத்தை எடுத்துவிட்டு அரை நிமிஷம் விட்டுப் போடுங்கள். ஆனால் ஊசி நுழையும் அளவுக்கு ஒரு சின்னத் துளை இருக்கும், அதுதான் ரீசெட். அதைத் தொடாதீர்கள். நிறுவனம் போட்டுவைத்த பயனர் பெயர், கடவுச்சொல் எல்லாம் அழிந்துபோய், சின்னச் சிக்கல் பெரிய சிக்கலாகிவிடும். ஃபைபர் ஒயரைக் கழற்றி அதன் முனையைக் கண்ணருகே வைத்துப் பார்ப்பதும் வேண்டாம். அதில் வருவது அகச்சிவப்பு லேசர், வந்தாலும் கண்ணுக்குத் தெரியாது.

எப்போது சரியாகும்?

லாகின் சிக்கல் என்றால் ஒரு போன் காலில் முடியும். தெருவில் கேபிள் அறுந்திருந்தால் ஆள் வந்து, முடி அளவு தடிமனுள்ள கண்ணாடி இழைகளை ஒவ்வொன்றாக நேர்ப்படுத்தி, சூட்டில் உருக்கி ஒட்ட வேண்டும். பெரிய கேபிளில் இப்படி நூற்றுக்கணக்கான இழைகள் இருக்கும். உங்கள் இழை எத்தனையாவது என்பது உங்கள் அதிர்ஷ்டம்.

வீட்டுக்கு வரும் கேபிள் ஒன்றே ஒன்றாக இருப்பதுதான் இதில் அடிப்படைச் சிக்கல். ஒரு நாட்டுக்கே அப்படி நேர்ந்திருக்கிறது. 2022 ஜனவரியில் டோங்காவில் கடலடி எரிமலை வெடித்தபோது, அந்தத் தீவு நாட்டை வெளியுலகோடு இணைத்த ஒரே கடலடிக் கேபிள் அறுந்தது. முக்கியத் தீவுக்கு இணைப்பைத் திரும்பக் கொண்டுவர ஐந்து வாரங்கள் ஆயின.

போன் ஹாட்ஸ்பாட்டை வைத்துச் சமாளிக்க முடியுமா?

முடியும். ஆனால் ஹாட்ஸ்பாட்டை வீட்டு வைஃபை போல நினைத்துவிட்டால் டேட்டா மதியத்துக்குள் தீர்ந்துவிடும்.

கணக்கு எங்கே போகிறது என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. நெட்ஃபிளிக்ஸ் தரும் கணக்குப்படி, சாதாரணத் தரத்தில் ஒரு மணி நேரம் படம் பார்த்தால் 1 ஜிபி வரை, ஹெச்டி தரத்தில் 3 ஜிபி வரை, 4கே என்றால் 7 ஜிபி வரை ஆகும். எழுத்து மட்டும் உள்ள செய்தி, மின்னஞ்சல், குரல் அழைப்பு இவையெல்லாம் அதன் பக்கத்தில் நிற்கக்கூட முடியாது. ஆகவே முதல் விதி: டிவியை ஹாட்ஸ்பாட்டில் சேர்க்காதீர்கள்.

இரண்டாவது விதி, நீங்கள் பார்க்காதபோது நடப்பதை நிறுத்துங்கள். கணினி ஹாட்ஸ்பாட்டை வெறும் வைஃபை என்றே நினைக்கிறது. 'வைஃபை கிடைத்துவிட்டது' என்ற குஷியில் சிஸ்டம் அப்டேட், போட்டோக்களின் மேகச் (கிளவுட்) சேமிப்பு, கேம் அப்டேட் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் தொடங்கிவிடும். ஒரு பெரிய கேமின் அப்டேட் மட்டுமே பல ஜிபி இருக்கும். விண்டோஸில் அந்த இணைப்பை 'மீட்டர்டு' (அளவோடு கிடைக்கும் இணைப்பு) என்று குறித்துவிட்டால் பெரும்பாலான அப்டேட்கள் காத்திருக்கும். ஐபோனில் 'லோ டேட்டா மோட்', ஆண்ட்ராய்டில் 'டேட்டா சேவர்' இருக்கின்றன. சமூக ஊடகங்களில் வீடியோ தானாக ஓடுவதையும் நிறுத்திவையுங்கள். திரும்ப நெட் வந்த பிறகும் அதை அப்படியே விட்டுவிடலாம் என்பது என் கருத்து.

மற்றபடி சின்ன விஷயங்கள்: கணினி ஒன்றுதான் என்றால் யூஎஸ்பி ஒயர் மூலம் இணையுங்கள். போன் குறைவாகச் சூடாகும், கூடவே சார்ஜும் ஏறும். போனை ஜன்னலோரம் வையுங்கள். டவரிலிருந்து வரும் சிக்னல்தான் இப்போது உங்கள் ஒரே வாசல்.

வீட்டிலிருந்துதான் வேலை. ஆபீஸில் என்ன சொல்வது?

உடனே சொல்லிவிடுங்கள். கூட்டம் ஆரம்பித்து மூன்றாவது முறை துண்டிக்கப்பட்ட பிறகு சொல்வது எல்லோருக்கும் எரிச்சல். கேமராவை அணைத்தால் கூட்டத்தின் டேட்டா வெகுவாகக் குறையும். சாதாரண போன் காலில் சேர எண் கொடுத்திருந்தால் அதிலேயே சேருங்கள். நாளின் வேலையை இரண்டாகப் பிரித்துக்கொள்வதும் உதவும். இணைப்பு வேண்டாத எழுத்து, திருத்தம், யோசனை எல்லாம் ஒரு பக்கம். அனுப்புவது, பெறுவது எல்லாம் ஒன்றாகச் சேர்த்து இன்னொரு பக்கம். இப்படிப் பிரிக்க உட்காரும்போது பலருக்கு ஆச்சரியம் காத்திருக்கும். நாள் முழுக்க ஆன்லைனில் இருக்க வேண்டிய வேலை என்று நினைத்ததில் பெரும்பகுதிக்கு இணைப்பே தேவைப்படாது.

நெட் இல்லாமலும் வேலை செய்பவை எவை?

நினைப்பதைவிட நிறைய.

ஜிபிஎஸ் முதலில். அதற்கு நெட் வேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோள்களின் சிக்னலை உங்கள் போன் கேட்டுக்கொள்கிறது, அவ்வளவுதான். போன் எதையும் திருப்பி அனுப்புவதில்லை. நெட் இருந்தால் எந்தச் செயற்கைக்கோள் எங்கே இருக்கிறது என்ற விவரம் சட்டென்று கிடைக்கும். இல்லையென்றால் அதைச் செயற்கைக்கோளிடமிருந்தே, நொடிக்கு 50 பிட் என்ற ஆமை வேகத்தில், வாங்க வேண்டும். அதனால்தான் முதலில் இடம் காட்டக் கொஞ்சம் தாமதமாகிறது. நெட் இல்லாதபோது காணாமல் போவது இடமல்ல, வரைபடம். அதை முன்பே இறக்கி வைத்திருந்தால் வழி காட்டும்.

அடுத்து, லாகினுக்கு 6 இலக்க எண் தரும் ஆதென்டிகேட்டர் செயலிகள். அவை எங்கிருந்தும் எண்ணை வாங்குவதில்லை. போனில் உள்ள ஒரு ரகசியச் சாவியையும் அந்த நேரத்தையும் சேர்த்து, வழக்கமாக 30 நொடிக்கு ஒரு எண்ணைத் தாங்களே கணக்கிடுகின்றன. போன் கடிகாரம் சரியாக இருந்தால் போதும். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபிக்கும் இணையம் வேண்டாம், மொபைல் சிக்னல் வேண்டும்.

உங்கள் வீட்டு வைஃபையும் சாகவில்லை. கணினியிலிருந்து அதே வைஃபையில் இருக்கும் பிரின்டருக்கு அச்சிடலாம், ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குக் கோப்புகளை அனுப்பலாம். ரவுட்டர் வெளியுலகத்தை இழந்திருக்கிறதே தவிர, வீட்டுக்குள் இன்னும் தபால்காரர்தான்.

சாதாரண அழைப்பு, எஸ்எம்எஸ், ரேடியோ, ஏற்கெனவே இறக்கி வைத்த பாட்டு, புத்தகம், படம் எல்லாம் ஓடும். ஒரு எச்சரிக்கை: சந்தாவில் இறக்கியவற்றுக்குக் கெடு உண்டு. ஸ்பாட்டிஃபையில் இறக்கிய பாட்டுகள் நிலைக்க 30 நாளுக்கு ஒருமுறையாவது ஆன்லைனில் தலைகாட்ட வேண்டும்.

அப்படியானால் எதிர்பாராமல் நின்றுபோவது எது?

இந்தப் பக்கத்திலேயே முக்கியமான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். படமும் பாட்டும் நிற்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அதற்கு மனம் தயாராகவே இருக்கும். நம்மைத் தடுமாற வைப்பது, நம் கையிலேயே இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்த பொருட்கள்.

போட்டோக்களை எடுத்துக்கொள்ளுங்கள். போனில் இடம் மிச்சப்படுத்த 'ஆப்டிமைஸ்' வசதியைப் போட்டிருந்தால் போனில் இருப்பது சின்ன நகல்தான். பெரிதாக்கினால் மங்கலாக நிற்கும், அசல் வேறெங்கோ ஒரு சர்வரில் இருக்கிறது. வாடகை ஒப்பந்தம், மருத்துவ அறிக்கை, பிள்ளையின் சான்றிதழ் எல்லாம் 'மெயிலில் இருக்கிறது' என்ற நிலையில் இருக்கும். ஆன்லைன் ஆவணங்களை ஆஃப்லைனில் திறக்கலாம்தான், ஆனால் அந்த வசதியை நெட் இருந்தபோதே இயக்கி வைத்திருக்க வேண்டும். இல்லாதபோது இயக்க முடியாது.

ஸ்மார்ட் விளக்கு, கேமரா, கதவு மணி இவை இன்னும் வேடிக்கை. சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கும் விளக்கை எரியவைக்க, கட்டளை வேறொரு கண்டத்துக்குப் போய்த் திரும்பி வரும் வகைகள் உண்டு. 2021 டிசம்பர் 7 அன்று அமேசானின் மேகச் சேவையில் கோளாறு ஏற்பட்டபோது, ரூம்பா என்ற தரை சுத்தம் செய்யும் ரோபோவைப் பலரால் செயலி மூலம் இயக்க முடியவில்லை. ரிங் என்ற பெயரில் விற்கும் ஸ்மார்ட் கதவு மணிகளும் சிக்கலுக்கு உள்ளாயின. அவர்கள் வீட்டு நெட் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது.

லேண்ட்லைனும் பலரை ஏமாற்றும். பழைய செம்புக் கம்பி போனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே 48 வோல்ட் மின்சாரம் வந்தது. வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் கேட்கும். ஃபைபர் பெட்டியில் செருகிய போன் அப்படியல்ல. பெட்டியோ இணைப்போ போனால் அதுவும் போய்விடும். வீட்டுக்குள் மொபைல் சிக்னல் இல்லாமல் வைஃபை காலிங்கை நம்பி இருப்பவர்களுக்கும் இதே கதை. வயதானவர்கள் இருக்கும் வீட்டில் அவசர அழைப்புக்கு என்ன வழி என்பதை முதல் நாளே பார்த்து வைத்துவிடுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

கை தானாகவே போனை எடுக்கிறது. நான் இணையத்துக்கு அடிமையாகிவிட்டேனா?

அவசரப்பட்டு அந்தப் பட்டத்தைச் சூட்டிக்கொள்ள வேண்டாம். உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11, 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கட்டுமீறிய வீடியோ கேம் விளையாட்டு அதில் ஒரு கோளாறாக இடம்பெற்றிருக்கிறது. அதிலும் வாழ்க்கை கணிசமாகப் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், அது வழக்கமாக 12 மாதமாவது தெரிய வேண்டும் என்று நிபந்தனை உண்டு. 'இணைய அடிமைத்தனம்' என்று பொதுவாக ஒரு நோய் அதில் இல்லை.

நெட் இல்லாத நாட்களில் ஒரு காகிதம் வைத்துக்கொள்ளுங்கள். நெட்டைத் தேடிய ஒவ்வொரு முறையும் எதற்காகத் தேடினீர்கள் என்று எழுதுங்கள். பில் கட்ட, மருந்தின் பெயர் பார்க்க, பஸ் நேரம் பார்க்க என்பது ஒரு வகை. அது பழக்கமல்ல, தேவை. அந்த வேலையைச் செய்யும் மற்ற வழிகளை உலகம் மூடிவிட்டது, அதற்கு நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை. லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது, தண்ணீர் கொதிக்கும்வரை, தூக்கம் வராதபோது எடுத்தது இன்னொரு வகை. அங்கே கையில் எது இருந்திருந்தாலும் எடுத்திருப்பீர்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு: யாராவது என்னைத் தேடினார்களா என்று பார்க்க எடுத்தது. அதை நெட்டின் கணக்கில் எழுத முடியாது.

எல்லாவற்றையும் 'அடிக்‌ஷன்' என்று ஒரே மூட்டையில் கட்டினால், செய்ய வேண்டியது எது என்று தெரியாமல் போய்விடும். முதல் வகைக்குத் தேவை மாற்று ஏற்பாடு. இரண்டாவதைக் கொஞ்சம் தாங்கிக்கொண்டால் போதும். மூன்றாவது வகைக்கு, நீங்களே ஒருவரைக் கூப்பிட்டுப் பேசிவிடலாம்.

எதையும் நினைவில் வைத்துக்கொள்ள முடியவில்லை. கூகுள் மூளையைக் கெடுத்துவிட்டதா?

2011-இல் 'சயின்ஸ்' இதழில் பெட்சி ஸ்பாரோவும் உடன் ஆய்வாளர்களும் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒரு தகவல் கணினியில் பத்திரமாக இருக்கும் என்று தெரிந்தால் நாம் தகவலைவிட அது இருக்கும் இடத்தையே நினைவில் வைக்கிறோம் என்றது அது. அன்றிலிருந்து எல்லோரும் அதையே மேற்கோள் காட்டுகிறார்கள். ஆனால் புகழ்பெற்ற 21 ஆய்வுகளைத் திரும்பச் செய்து பார்த்த ஒரு கூட்டு முயற்சியின் முடிவுகள் 2018-இல் வெளிவந்தன. அதில் இந்தக் கட்டுரையிலிருந்து எடுத்துக்கொண்ட சோதனை அதே முடிவைத் தரவில்லை. ஆகவே மூளையைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படுவதைவிட, வீட்டில் உள்ளவர்களின் போன் எண்களை ஒரு தாளில் எழுதி ஒட்டுவது உருப்படியான வேலை.

பிள்ளைகள் படுத்துகிறார்கள். என்ன செய்வது?

முதலில், பெரியவர்கள் மட்டும் ஹாட்ஸ்பாட்டில் படம் பார்க்காதீர்கள். அது எந்த அறிவுரையையும் காலி செய்துவிடும். இருக்கிற டேட்டாவை எல்லோருக்கும் தெரியும்படி பங்கு போடுங்கள், பள்ளி வேலைக்கு முதலிடம். 'போரடிக்கிறது' என்பதை உடனே தீர்த்துவைக்க வேண்டிய அவசரமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கொஞ்ச நேரம் விட்டுப்பிடித்தால் அவர்களே எதையாவது கிளறி எடுப்பார்கள். தினமும் வீடியோ காலில் பேரப் பிள்ளைகளைப் பார்க்கும் தாத்தா பாட்டிக்குத்தான் இந்த நாட்கள் உண்மையில் கஷ்டம். அவர்களுக்கு அதே நேரத்தில் சாதாரணக் காலாவது போட வையுங்கள்.

நெட் இல்லாமல் நிம்மதியாகத்தான் இருக்கிறது. இணைப்பையே எடுத்துவிடலாமா?

தாராளமாக, போனில் போதுமான டேட்டா இருந்தால். ஆனால் அது நெட் இல்லாத வாழ்க்கை அல்ல, நெட் கொஞ்சமாக உள்ள வாழ்க்கை. இரண்டுக்கும் தூரம் அதிகம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் 2024 மதிப்பீட்டின்படி உலகில் அப்போது சுமார் 260 கோடிப் பேர் இணையத்துக்கு வெளியே இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் நிம்மதியைத் தேடிப் போனவர்கள் அல்லர். விண்ணப்பம், சேர்க்கை, டிக்கெட், வங்கி என்று ஒவ்வொன்றாக ஆன்லைனுக்குப் போகப் போக, வெளியே நிற்பவர்களுக்கு வரிசையே இல்லாமல் போகிறது. வேண்டும்போது திரும்பி வரலாம் என்ற உறுதி இருப்பதால்தான் நமக்கு அந்த அமைதி இனிக்கிறது.

எடுத்துவிடுவதைவிட, இரவில் ஒரு நேரத்துக்குப் பிறகு ரவுட்டரை அணைப்பது எளிது. பல ரவுட்டர்களில் அதற்கு நேரம் குறிக்கும் வசதியும் இருக்கிறது.

அடுத்த முறைக்கு இப்போதே என்ன செய்து வைக்கலாம்?

முக்கிய ஆவணங்களைப் போனிலும் ஒரு பென்டிரைவிலும் இறக்கி வையுங்கள். வழக்கமான வழியில் லாகின் செய்ய முடியாதபோது உதவும், கணக்குகளுக்கான பேக்கப் குறியீடுகளைக் காகிதத்தில் அச்சிட்டு வையுங்கள். மெயிலில் வைக்க வேண்டாம், அதைத் திறக்கத்தானே அந்தக் குறியீடு. உங்கள் வட்டார வரைபடத்தை இறக்குங்கள். கிவிக்ஸ் என்ற இலவசச் செயலி இருந்தால் விக்கிப்பீடியாவையே முழுசாக இறக்கி நெட் இல்லாமல் படிக்கலாம். இணைய நிறுவனத்தின் புகார் எண்ணையும் உங்கள் வாடிக்கையாளர் எண்ணையும் ரவுட்டரின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

மின்வெட்டுதான் உங்கள் வீட்டில் அடிக்கடி வரும் காரணம் என்றால், ரவுட்டருக்கு மட்டும் ஒரு சின்ன யூபிஎஸ் போதும். பொதுவான வீட்டு ஃபைபர் அமைப்பில் நடுவழியில் ஒளியைப் பிரிக்கும் கருவிகளுக்கு மின்சாரமே தேவையில்லை. அதனால் தெரு இருண்டிருந்தாலும் நெட் வர வாய்ப்புண்டு.

இரண்டாவது இணைப்பு வாங்குவதாக இருந்தால் நிறுவனத்தின் பெயரை மட்டும் பார்க்காமல் அது வரும் பாதையையும் கேளுங்கள். இரண்டு நிறுவனங்களின் கேபிளும் ஒரே குழியில் போனால், ஒரே கடப்பாரை இரண்டையும் அறுக்கும். பக்கத்து மொபைல் டவரும் அதே கேபிளை நம்பியிருக்கலாம்.

நெட் வந்துவிட்டது. இனி?

கேமரா, பிரின்டர், டிவி எல்லாம் திரும்ப இணைந்தனவா என்று பாருங்கள். சில தானாக வராது, ஒருமுறை அணைத்துப் போட வேண்டும். காத்துக்கிடந்த அப்டேட்கள் எல்லாம் ஒன்றாகப் பாயும் என்பதால் முதல் சில மணி நேரம் வேகம் குறைவாகத் தெரியலாம். உடனே இன்னொரு புகார் கொடுக்க வேண்டாம். போன் தானாக வைஃபைக்கு மாறிவிட்டதா, ஹாட்ஸ்பாட் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறதா என்பதையும் கவனியுங்கள். இணைப்பு இல்லாத நாட்களுக்குக் கட்டணத்தைக் கழிப்பார்களா என்று நிறுவனத்திடம் கேளுங்கள், கேட்காமல் பெரும்பாலும் தரமாட்டார்கள். அதற்குப் புகார் எண்ணும், எப்போது போனது எப்போது வந்தது என்ற தேதியும் வேண்டியிருக்கும்.